ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சுண்ணாம்புக்காரத் தெரு புரட்சிக்குத் தயாராகிவிட்டதாக இயந்திரம் சொன்னது. தெருவுக்கு இந்த விஷயம் தெரியாது. அந்த நேரத்தில் அங்கே ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார், இரண்டு பெண்கள் எல்லையம்மன் கோயில் பந்தலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு நாய் நடுத்தெருவில் தூங்கிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போகிறவர்கள் இப்படியா இருப்பார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அமைதித் துறையில் இயந்திரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. இயந்திரம் ஒன்றைச் சொல்லும், மனிதர்கள் அதற்குக் காரணம் தேடி வெயிலில் அலைவார்கள்.

அப்படி அலைகிற வேலைதான் தணிகாசலத்துக்கு. பதவியின் பெயர் கள விசாரணை அலுவலர். வயது நாற்பத்தாறு. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காத ஜாதி.

"தொண்ணூத்தொண்ணு," என்றார் இயக்குநர் ஆதிரை.

"பத்தொம்பதா இருக்கும் மேடம். யாராவது திருப்பிப் படிச்சிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவை பார்த்துட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. போன வாரம் வரைக்கும் பதினொண்ணு."

தணிகாசலம் தன் இடது மணிக்கட்டில் இருந்த கறுப்புப் பட்டையைத் தடவிக்கொண்டார். எல்லோர் கையிலும் இருக்கும் பட்டைதான். பதினோரு வருஷத்துக்கு முன் சுகாதாரத் திட்டம் என்று சொல்லிக் கட்டினார்கள். நாடித் துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அது எழுதிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் யாரோ ஒரு கெட்டிக்காரர் கண்டுபிடித்தார்: ஒரு தெரு பொங்கி எழுவதற்குப் பல நாள் முன்பே அந்தத் தெருவின் உடம்புகளுக்கு அது தெரிந்துவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, துடிப்பு கூடுகிறது, நடை மாறுகிறது. மனசுக்குத் தெரிவது கடைசியில்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் மணிக்கு ஒரு எண் வந்துகொண்டிருக்கிறது. நூற்றுக்கு இத்தனை பேர் கொதிக்கிறார்கள் என்று.

எண் நாற்பதைத் தாண்டினால் தணிகாசலம் போவார். டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக் காரணத்தைப் பிடித்துவிடுவார். உடைந்த குழாய், வாய்த்துடுக்கான ரேஷன் கடைக்காரர், திறக்காத ஆஸ்பத்திரி. மறுநாளே அது சரியாகிவிடும், எண் இறங்கிவிடும். அறுபத்து மூன்று தெருக்களை அவர் இப்படி ஆற்றியிருக்கிறார். பதினோரு வருஷமாக இந்த மாவட்டத்தில் ஒரு ஊர்வலம்கூட நடந்ததில்லை.

"காரணம் கெடைக்கலன்னா?" என்று கேட்டார், பதில் தெரிந்தும்.

"வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு லாரி வரும். கலைப்பு. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு ஊருக்கு. ரெண்டு குடும்பம் ஒரே ஊருக்குப் போகாது." ஆதிரை கோப்பை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. "உங்க அக்கா அந்தத் தெருவுலதான இருக்காங்க?"

"ஆமா மேடம்."

"அதனாலதான் உங்கள அனுப்பறேன். வேற யாராவது போனா ஒரு நாள் தேடுவாங்க. நீங்க மூணு நாளும் தேடுவீங்க."

*

தேடினார். தேடின தேட்டத்துக்கு ஒரு கிணறே தோண்டியிருக்கலாம்.

தெரு தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தது. எல்லோர் இடது கையிலும் மஞ்சள் துணியும் கயிறும் வேப்பிலையுமாகத் தடிமனாக ஒரு சுற்று. இன்னும் ஐந்து நாளில் தீமிதி என்பதால் கறி, மீன் கிடையாது, செருப்பு கிடையாது, காலையும் மாலையும் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அம்மனுக்கு ஊற்ற வேண்டும். முனிரத்தினத்தின் டீக்கடையில் கூட்டம் குறையாமல் இருந்தது.

"தண்ணியெல்லாம் எப்படி வருது?" என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

"பேஷா வருது சார்," என்றார் முனிரத்தினம். பெருத்த உடம்பு, ஆனால் ரகசியம் பேசுவதுபோல மெல்லிய குரல். "முந்தி ராத்திரில வரும். இப்ப காலைல வருது."

"ரேஷன்?"

"கடையில இருக்கிற பொண்ணு தங்கம் சார்."

"கரண்டு?"

"அது போறதே இல்ல. போனாத்தான் தெரியும் இருந்துச்சுன்னு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஒரே குரலில் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தணிகாசலம் தூண்டில் போட்டுப் பார்த்தார். பக்கத்துத் தெருவில் சாலை போட்டுவிட்டார்களே, உங்களுக்குப் போடவில்லையே என்றார். போடட்டும், நமக்கு வெறுங்கால்தானே என்றார்கள். வட்டாட்சியர் மேல் கோபமா என்றார். வட்டாட்சியர் யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

செவ்வாய் போயிற்று. புதனும் பாதி போயிற்று. வயிறு நிறைந்தவனுக்கு ஏன் கோபம் வருகிறது? அறுபத்து மூன்று தெருக்களில் கற்ற வித்தை அறுபத்து நான்காவதில் ஏன் பலிக்கவில்லை? இயந்திரம் பொய் சொல்கிறதா, மனிதர்கள் பொய் சொல்கிறார்களா என்பதுகூட விளங்கவில்லை. எண் மட்டும் மணிக்கு மணி தொண்ணூற்றொன்றிலேயே நின்றது.

புதன்கிழமை மத்தியானம் அக்கா பூங்காவனம் அவரைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. அத்தான் போய் நான்கு வருஷம் ஆகிறது. மகள் வெளியூரில். அக்கா தனியாக அந்த வீட்டில் இருக்கிறாள், மாவு அரைத்து விற்கிறாள்.

"என்னாடா ரெண்டு நாளா தெருவையே மோந்துகினு திரியற?"

ரகசியத்தைக் காக்க வேண்டியவர்தான். ஆனால் அக்காவிடம் அவர் எதையும் முழுசாக மறைத்ததில்லை. லாரியைப் பற்றியும், தெரு அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போகிறது என்று இயந்திரம் சொல்வதையும் சொல்லிவிட்டார். எண்ணை மட்டும் சொல்லவில்லை.

பூங்காவனம் முதலில் சிரித்தாள். "நம்ம தெருவா? பைப்படியில நின்னு ஒரு வார்த்த சத்தமா பேச மாட்டாளுங்கடா. எல்லாம் சௌக்கியம், எல்லாம் சௌக்கியம்னு கிளி மாதிரி சொல்லுவாளுங்க. இவளுங்களா கவுக்கப் போறாளுங்க?"

"எனக்கும் அதான்க்கா புரியல. நீயாவது சொல்லு. உனக்கு ஏதாவது கோவமா?"

"எனக்கு என்னா கோவம்," என்றாள் அக்கா. கரண்டியைக் குழம்புக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். "மோர் ஊத்தட்டுமா?"

கை கழுவும்போது அவள் கேட்டாள்: "என்னை எந்த ஊருக்குடா அனுப்புவீங்க?"

"எனக்குத் தெரியாதுக்கா. அது லாரி கௌம்பறப்பதான் தெரியும்."

"எதுக்குன்னும் தெரியாது. எங்கன்னும் தெரியாது. நல்ல உத்தியோகம்டா."

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனார்.

*

கலைப்புக்கு முந்தின நாளே தெருவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு அச்சிட்ட படிவம் இருக்கிறது. தெருவின் பெயர், நாள், நேரம், அதற்குக் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம். கடைசியில், 'ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்' என்று ஒரு வரி. இதற்கு முன் நடந்த இரண்டு கலைப்புகளிலும் 'நிர்வாகக் காரணம்' என்று எழுதினார்கள். நிர்வாகத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். எனவே யாரும் ஆட்சேபிக்கவில்லை. நிர்வாகக் காரணத்தை எதிர்த்து எவனால் என்ன எழுதிவிட முடியும்?

வியாழன் விடிந்ததும் அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்தபோதுதான் தணிகாசலத்துக்கு அந்த யோசனை வந்தது. அதைப் புத்திசாலித்தனம் என்று அவர் நினைத்தார். படிவத்தை நம்புகிற ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது.

உண்மையை எழுதினால் என்ன? 'நீங்கள் எல்லோரும் அரசைக் கவிழ்க்கத் துடிக்கிறீர்கள்' என்று ஒரு மனிதனிடம் சொன்னால் அவன் பதறிப்போய், 'ஐயையோ, நான் இல்லை' என்றுதானே சொல்வான்? நூறு பேர் வந்து ஆட்சேபணை கொடுத்தால் கலைப்பை நிறுத்த விதியில் இடம் இருக்கிறது. அக்காவும் வருவாள். அவளைத்தான் முதல் ஆளாக எழுத வேண்டும்.

எழுதினார், அழகான கையெழுத்தில்: 'பட்டைக் கணக்கின்படி இத்தெருவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் அரசைக் கவிழ்க்கும் மனநிலையில் உள்ளனர்.'

எட்டு மணிக்கு டீக்கடைக்குப் பக்கத்து மஞ்சள் சுவரில் பசை தடவி ஒட்டிவிட்டு, முனிரத்தினத்திடம் ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆட்சேபணைப் படிவங்களை அடுக்கிவைத்து உட்கார்ந்தார்.

முதலில் வந்தது சைக்கிளுக்குக் காற்றடித்தவர். படித்தார். மறுபடி படித்தார். தணிகாசலம் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் மேசைப் பக்கம் வரவில்லை. தெருவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். போகும்போது எதிர்வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். எதிர்வீட்டுக்காரர் வந்தார், படித்தார், அவரும் போனார். பிறகு கூட்டம் சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் கத்தவில்லை. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்று என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள், புதிதாகப் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

பத்து மணி வரை ஒரு ஆட்சேபணையும் இல்லை.

பூங்காவனம் வந்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வாசித்தாள். தணிகாசலம் ஒரு படிவத்தை எடுத்து அவள் பெயரையே எழுதி வைத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடு. நான் அப்படியில்லன்னு."

அவள் படிவத்தைப் பார்க்கவே இல்லை. "தொண்ணூத்தொண்ணா?"

"ஆமா."

"என்னையும் சேத்தா?"

"சேத்துதான் இருக்கும்."

அவள் முகம் என்னவோ ஆயிற்று. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தம்பிக்குப் புரியவில்லை. "நான் ஒருத்திதான்னு நெனச்சுகினு இருந்தன்டா," என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"உங்க அத்தான் செத்த ஒம்பதாம் நாளு. இந்தப் பட்டை பேசுச்சு. 'உங்கள் துக்கம் இயல்பு அளவைத் தாண்டியுள்ளது, ஆலோசகர் வருவார்'னு. ஒரு பொண்ணு வந்தா. நல்ல பொண்ணுதான். எவ்வளவு நேரம் அழுவறீங்க, எப்பத்திலேருந்து அழுவறீங்கன்னு கேட்டு எழுதிக்கினு, மாத்திரை குடுத்துட்டுப் போனா. நான் அழுவறதுக்கு அளவு சொல்ல இவனுங்க யாருடா? அன்னிக்கு அடைச்சது இங்க." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "உன்கிட்ட சொல்லல. நீ அந்த ஆபீசு. பக்கத்து வீட்ல சொல்லல, அவங்கல்லாம் சௌக்கியமா இருக்கறாங்களே, நமக்கு மட்டும் ஏன் இப்டின்னு."

நான்கு வருஷமாக இந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். துக்க அளவுத் திட்டம் நன்றாகப் போகிறது என்று அவரே ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை.

"சரிக்கா, எனக்காகப் போடு. இல்லன்னா நாளைக்குக் காலைல லாரி."

"பொய்க் கையெழுத்தா?" என்று கேட்டுவிட்டு அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அங்கே முனிரத்தினம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சத்தமாகப் பேசினால் பட்டை அதிருமாம். பதினோரு வருஷமாகத் தன் சொந்தக் குரலையே கேட்கவில்லையாம். எப்படிக் கத்துவேன் தெரியுமா என்றார், ஆனால் அதையும் மெதுவாகத்தான் சொன்னார். இன்னொருத்திக்கு வேறு ஏதோ. ஒருவர் காரணம் மாதிரி மற்றவர் காரணம் இல்லை. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், எதுவும் குழாய் மாற்றிச் சரிசெய்கிற விஷயம் இல்லை.

பதினொன்றரைக்கு முதல் ஆட்சேபணை வந்தது.

வந்தவர் பெயர் ஜெகதீசன், எலக்ட்ரீஷியன். முகம் சிவந்திருந்தது. தணிகாசலம் ஆனந்தமாகப் பேனாவை எடுத்தார்.

"சார், இதுல தப்பு இருக்குது. எங்க வீட்டு ஆளுங்கள உட்டுட்டீங்க."

"விட்டுட்டமா?"

"அந்த ஒம்பது பேரு நாங்கதான்னு தெருவே சொல்லிச் சிரிக்குது. பெரியப்பா தவறினதால எங்களுக்குத் தீட்டு, காப்புக் கட்டல. சாமிக்கே காப்புக் கட்டாதவன் இதுக்கா வருவான்றாங்க. எனக்கு மட்டும் மானம் ரோஷம் இல்லியா? எழுதுங்க சார். தொண்ணூத்தொண்ணு இல்ல. என் வீட்டு நாலு பேரையும் சேக்கணும்."

தணிகாசலம் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒரு ஆட்சேபணைக்குப் படிவத்தில் இடமே இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், பட்டைக் கணக்கைக் காட்டும் கைக்கருவியை எடுத்து ஜெகதீசனின் பட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தார். 'இயல்பு' என்று காட்டியது. பின்னால் அவர் மனைவி நின்றாள். அவளும் இயல்பு. இன்னொரு வீட்டுக்காரரும் வந்தார், அவருக்கும் தீட்டு, அவரும் இயல்பு.

காப்புக் கட்டாதவர்கள் எல்லோரும் இயல்பு. கட்டியவர்கள் எல்லோரும் கொதிப்பு.

ஜெகதீசனின் மணிக்கட்டில் கறுப்புப் பட்டை வெறுமனே தெரிந்தது. மற்ற கைகளைப் பார்த்தார் தணிகாசலம். மஞ்சள் துணி, கயிறு, வேப்பிலை. அதற்கு அடியில் பட்டை இருக்கும் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பட்டையெல்லாம் எங்க?"

காப்புக் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. பட்டையைக் கையிலிருந்து கழற்றுவது குற்றம். கடைசியில் பூங்காவனம்தான் புடவைக் கரையை ஓர் அங்குலம் தூக்கிக் காட்டினாள். கணுக்காலில் கறுப்புப் பட்டை, சின்னப் பச்சை விளக்கோடு.

"என்னக்கா இது!"

"இந்த வருஷம் புதுப் பட்டை குடுத்தீங்களேடா, தோல் வாரு போட்டு. காப்புக் கட்டின கைல தோலு ஆவாது. இன்னொரு கையால சாமிக்குச் செய்யணும், அதுலயும் ஆவாது. தோலுன்னா காலுக்குத்தான்னு பூசாரி சொல்லிட்டாரு. கழட்டலியே, கால்ல கட்டிக்கினுதான இருக்கறோம்?"

தோல் வார். ரப்பர் வாரில் கை வேர்த்துப் புண்ணாகிறது என்று ஒரு தெரு முணுமுணுத்தது. அதைக் கண்டுபிடித்துத் தோல் வாருக்குப் பரிந்துரை செய்தவர் யார் என்று தணிகாசலத்துக்கு நன்றாகவே தெரியும். அவரேதான். கையில் கட்ட வேண்டியதைக் காலில் கட்டினால் ஒவ்வொரு அடியும் ஒரு துடிப்பாகப் பதிவாகும். தினமும் இரண்டு தடவை ஆற்றுக்கு நடக்கிறார்கள், வெறுங்காலில். தூக்கத்தில் கால் அசைந்தால் தூங்கவில்லை என்று பதிவாகும். இந்தத் தெருவில் யாரும் கொதிக்கவில்லை. இந்தத் தெரு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவருக்கு அந்த இடத்திலேயே ஆட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தார்.

*

"காலுலயா?" என்றார் ஆதிரை. "அப்ப உண்மையான எண்?"

"பழைய பதினொண்ணுதான் மேடம். கலைக்கத் தேவையே இல்ல."

"நல்லது. லாரிய நிறுத்தச் சொல்றேன். ஆனா நீங்க எண்ணை எழுதி ஒட்டியிருக்கீங்கன்னு இப்பதான் எனக்குத் தகவல் வருது. உங்களுக்கு என்ன பைத்தியமா? அத உடனே கிழிங்க. வாபஸ்னு எழுதி ஒட்டுங்க."

ஒட்டுவதற்கு முன் வாசித்துக் காட்டினார். "மேற்படி அறிவிப்பு தவறுதலாக ஒட்டப்பட்டது. இத்தெருவினர் எவரும் அத்தகைய மனநிலையில் இல்லை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது." நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, நீ எங்கயும் போவ வேணாம். லாரி வராது!"

யாரும் கை தட்டவில்லை.

"இல்லன்னு நீங்க எப்படி சார் சொல்றீங்க?" என்றார் முனிரத்தினம்.

"மிஷின் தப்பாப் படிச்சிருக்குங்க. நீங்க பட்டையக் கால்ல கட்டியிருந்தீங்க. அந்த எண்ணு பொய்."

"எண்ணு பொய்யா இருக்கட்டும். நான் பொய்யா?"

பெரிய குரல். கடைக்குள் கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்தன. காலில் கிடந்த பட்டையும் அதிர்ந்திருக்க வேண்டும், அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் குரலைத் தானே கேட்டு ஒரு கணம் திகைத்து நின்றார்.

"அதாவதுங்க," என்று தணிகாசலம் திணறினார். "போன வாரம் கையில இருந்தப்ப பதினொண்ணுதான் காட்டிச்சு. அதுதான் நெசம்."

"அப்ப நானும் அந்தப் பதினொண்ணுல இருந்தனா?" என்று கேட்டாள் பூங்காவனம்.

அவருக்குத் தெரியவில்லை. கைக்கருவியில் பார்க்கலாம். பார்க்கவில்லை. ஆமாம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் அக்காவின் முகத்தை அவரால் பார்க்க முடியாது. அந்த இயந்திரம் நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் அழுகையை அளந்தது. அவள் அழுகையை நிறுத்திக்கொண்டதும் 'இயல்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

"பதினொண்ணுன்னா அடுத்தவன் நம்மகூட இல்லன்னு அர்த்தம்," என்றாள் அக்கா. யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தொண்ணூத்தொண்ணுன்னா அடுத்தவனும் இருக்கறான்னு அர்த்தம். எது நெசம்னு உங்க மிஷினுக்கு என்னடா தெரியும்? காலைல இந்த செவுத்துக்கிட்ட நின்னப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ லாரி வராதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே நாங்க ஏற மாட்டோம்னு முடிவு பண்ணிட்டோம்."

தணிகாசலம் வாபஸ் அறிவிப்பில் பசை தடவிப் பழைய அறிவிப்பின் மேலேயே ஒட்டினார். முனிரத்தினம் வந்து அதை நனைந்த மேனிக்கே பிய்த்து, மரியாதையாக நான்காய் மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க நல்லவரு சார். உண்மைய நீங்கதான் ஒட்டினீங்க. அதையே ஏன் மறைக்கறீங்க?"

ஒட்டியது பொய் என்கிறார் அவர். அது உண்மை என்கிறார்கள் அவர்கள். பொய்யான எண்ணைப் படித்தவர்கள் எல்லோரும் தங்களைப் பற்றிய உண்மையைத்தான் படித்திருக்கிறார்கள். மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவுக்கு இனி ஆபத்து இல்லையா, இதுவரை இல்லாத ஆபத்தா என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை.

இரண்டு மணிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வந்த பெண்மணி நேராக மேசைக்கு வந்தாள்.

"சார், எங்க குயவர் தெருவுக்கு எவ்வளவு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"இவங்களுக்கு மட்டும் சொன்னீங்க?"

இவர்களை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று நினைத்துத் தணிகாசலம் உண்மையையே சொன்னார். "ஆறு. உங்க தெருவுல நூத்துக்கு ஆறு பேருதான். நல்ல தெரு. நிம்மதியாப் போங்க."

"ஆறா?" அந்தப் பெண்மணிக்கு மூக்கு விடைத்தது. "ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே ரேஷன் கடை. இவங்க தொண்ணூத்தொண்ணு, நாங்க ஆறா? நாங்கன்னா கிள்ளுக்கீரையா? அந்த ஆறு பேரு யாரு? என்னைய அதுல எழுதியிருக்கா, இல்லையா?"

சொல்லக் கூடாத இரண்டாவது எண்ணையும் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குயவர் தெருக்காரர்கள் திரும்பிப் போனார்கள். நிம்மதியாகப் போகவில்லை.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. தெருவில் அப்போது நடக்க இடமில்லை. எந்தெந்தத் தெருவிலிருந்தோ வந்து சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்துக்கு நடுவில் யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், அளவில்லாமல்.

"தணிகாசலம்," என்றார் ஆதிரை. அந்தக் குரலில் அவசரம் இருந்தது. "குயவர் தெரு அறுபத்தெட்டு. கடைவீதி ஐம்பது. பஸ் ஸ்டாண்டு லாரி டிரைவருங்க நாற்பத்து நாலு. இவங்க யாரும் கால்ல கட்டல, எல்லாம் கையிலதான் இருக்கு. ஒவ்வொரு மணிக்கும் ஏறுது. தலைநகரத்துலேருந்து கேக்கறாங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நான் என்ன எழுதறது?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னு எழுத முடியாது."

"காலைல குயவர் தெருவுல ஆறு பேரு. அவங்களுக்குத் தண்ணி நிக்கல, கரண்டு போகல. மத்தியானம் ஒரு எண்ணக் கேட்டாங்க. வேற ஒண்ணும் நடக்கல மேடம். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. மறுபடி பேசியபோது ஆதிரையின் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது, மிகவும் தாழ்ந்து.

"நம்ம ஆபீஸுக்கும் ஒரு எண் வருமில்ல? நமக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியும். அது எவ்வளவுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? சும்மாதான் கேக்கறேன். நான் மட்டும்தானா, இல்ல..."

அவர் முடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் ஒன்றுமே தெரியாமல் போனது ஏன் என்று தணிகாசலத்துக்கு இப்போது புரிந்தது. எழுந்து நின்று பதில் சொன்னார், இயக்குநருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையோடு.

"தெரியாதுங்க மேடம். ஒரு எண்ணை எழுதி ஒட்டிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."